ஒன்பது மணிக்குச் சாத்திய கதவு

ஊக்கம் கொடுப்பதற்காக என்னை விமானத்தில் ஏற்றி அழைத்துப்போனது இந்த ஐம்பத்துமூன்று வயதில் ஒரே ஒரு முறைதான். திருச்சியில், படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு நடக்கும் தொழிற்பயிற்சி வகுப்புகளில் பாடம் நடத்துகிறேன். தையலோ கணினியோ நோயாளி பராமரிப்போ, எந்த வகுப்பானாலும் முதல் வாரத்தை என் தலையில் கட்டிவிடுவார்கள். "மேடம் பேசினா பிணம்கூட எழுந்து வந்து கையெழுத்துப் போடும்" என்று எங்கள் முதல்வர் சொல்வார். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்னப் பயிற்சி நிலையம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அங்கே வார இறுதிகளில் நோயாளி பராமரிப்பு படிக்கிறார்கள். இருபத்தாறு பேரோடு தொடங்கிய வகுப்பு பதினாலு பேராகத் தேய்ந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தைய ஒரு வாரம் தினமும் வகுப்பு. மிச்சமிருப்பவர்களாவது கலைந்துவிடாமல் இருக்க நீங்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெட்டியில் நான் முதலில் எடுத்து வைத்தது சிரித்த முகம் போட்ட நாற்பது ஸ்டிக்கர்கள். எத்தனை வயதானாலும் மனிதர்கள் ஸ்டிக்கருக்கு மயங்குவார்கள் என்பது என் அனுபவம். முப்பத்தெட்டு ஸ்டிக்கர்கள் அப்படியே திரும்பி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை. ரயில் மலையேறத் தொடங்கியதும் மழையும் கூடவே ஏறிக்கொண்டது. பெயர் தெரியாத ஒரு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். முன்னால் எங்கோ பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பாதிப் பேர் இறங்கிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டிருப்பார்கள். இங்கே யாரும் இருக்கையை விட்டு அசையவில்லை. எதிரே இருந்த பெரியவர் சிங்களத்தில் மனைவியிடம் என்னவோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன். "போறப்ப போகும்னு சொல்றாருங்க" என்றாள். எவ்வளவு பொறுமையான சனம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஹட்டனில் இறங்கும்போது பசி காதை அடைத்தது. பஸ் நிலையத்துக் கடையில் முக்கோணமாக ஒரு பன் இருந்தது. உள்ளே உருளைக்கிழங்குதான் இருக்கும் என்று நானே முடிவு செய்து கடித்தேன். மீன். நான் பிறவிச் சைவம். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் பதறிவிட்டார். "ஐயையோ, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அம்மா. மாலு பாண்னா மீனுதான்" என்றவர், வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் பிறகு பால் இல்லாத ஒரு பிளேன்டீயும் கொடுத்தார். தேயிலைக் கடலுக்கு நடுவே உட்கார்ந்து குடித்த அந்த டீயில் கசப்பைத் தவிர ஒன்றுமில்லை. "நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும். எங்களுக்குத் தூளுதான்" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் கண்ணாடி துடைக்கும் கை வேலை செய்யவில்லை. கண்டக்டர் முன்படியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் துணியை வைத்து வெளியிலிருந்தே துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். நான் கண்ணை மூடிக்கொண்டு சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் தூங்கினார்கள்.

பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர் மோகன் குடையோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஹட்டன் பஜாரில் அவர் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை. வியாபாரத்தில் மனம் ஒட்டாமல் இந்த வேலைக்கு வந்தவர். தங்க எனக்குக் கொடுத்த அறை நிலையத்தின் பின்கட்டிலேயே இருந்தது. அங்கிருந்து வகுப்புக்கு நான் நடக்க வேண்டியது பதினெட்டு அடி. அடுத்த நாள் எண்ணிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பதினாலு பேரும் வந்திருந்தார்கள். இருபது வயது முதல் முப்பத்தைந்துக்குள். வெளிர்நீலச் சீருடை, அவர்களே தைத்தது. நான் உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்ன பிறகும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டால் தரையிலிருந்துதான் பதில் எடுத்தார்கள். திருச்சியில் என் மாணவிகள் வாய் ஓயமாட்டார்கள். இந்த அமைதி எனக்கு உவப்பாக இல்லை. உறங்கிக்கொண்டிருக்கிறார்கள், உலுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என்னிடம் ஒரு பழைய வித்தை உண்டு. முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவேன். அன்றும் சொன்னேன்: "ஒன்பதுன்னா ஒன்பது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் இந்தக் கதவு சாத்தியிருக்கும். நேரத்தை நாம மதிக்கலேன்னா வாழ்க்கை நம்மள மதிக்காது." திருச்சியில் இதைச் சொன்னதும் சிரிப்பார்கள். மறுநாள் எப்படியும் ஒருத்தி ஐந்து நிமிடம் பிந்தி வந்து கதவைத் தடதடவென்று தட்டுவாள். பஸ் லேட்டு மேடம், பிள்ளைக்குக் காய்ச்சல் மேடம், இந்த ஒரு தடவை மேடம். நான் உள்ளிருந்தே நாலு வார்த்தை திட்டுவேன். வகுப்பே சிரிக்கும். பிறகு திறப்பேன். கதவைத் தட்டாமல் திரும்பிப்போனவர் இந்த இருபது வருடத்தில் ஒருவரும் கிடையாது. நோட்டன் பிரிட்ஜில் யாரும் சிரிக்கவில்லை. பதினாலு பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். பரவாயில்லை, சொல் பேச்சுக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பயிற்சி பிற்பகலில் நடந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி நான் செய்து காட்டினேன். இரண்டாவது தரமே இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். மெலிந்த உடம்பு, கறை படிந்த விரல்கள். "நான் ஒண்ணு காட்டட்டுங்களா டீச்சர்?" என்றாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற முரட்டுத் துணி ஒன்று அவள் பையில் இருந்தது. படங்கு என்கிறார்கள். அதை நாலாக மடித்து, நோயாளியாக நடித்த பெண்ணின் முதுகுக்குக் கீழே செருகி, ஒரு நுனியை மட்டும் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். படுத்திருந்தவள் தண்ணீரில் மிதக்கும் தேங்காய் மாதிரி சுலபமாகப் புரண்டாள்.

அவள் பெயர் செல்வமலர். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் லயத்தில் படுத்துக்கிடந்தாராம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். இவள் கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை. "ஒரே ஒரு தடவ ஒரு நர்ஸம்மா வந்தாங்க" என்றாள். "வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. வீடு இருந்த இருப்புக்கு அவங்க மேலயும் குத்தமில்லீங்க. நானா இருந்தா உள்ள போயிருப்பேனேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் படிக்க வந்தேன்." அவளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தேன். நோயாளியாகப் படுத்திருந்த பத்மாவுக்கு இன்னொன்று. இருவரும் ஒரே தோட்டம்.

மாலையில் மோகன் வரவுப் பதிவேட்டைக் காட்டினார். இடாப்பு என்று அவர்கள் சொல்வது. "இந்தப் பேரப் பாருங்க டீச்சர்" என்று செல்வமலரின் பெயர்மேல் விரலை வைத்தார். "இதுக்கு மேல ஒருநாள் வரலேன்னாலும் பரீட்ச எழுத விடமாட்டாங்க. நாளைக்கு சாயந்திரம் பட்டியல் கொழும்புக்குப் போகணும். அடுத்த பேட்ச்ல சேரட்டும்னா, முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். அவங்களுக்கு அடுத்த மாசம் முப்பத்தஞ்சு முடியுது. நல்லா வேல தெரிஞ்ச பொம்பள. ஆனா மழ பேஞ்சா வரமாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான். ஆர்வம் இல்ல."

"நான் பார்த்துக்கறேன் மோகன்" என்றேன். அந்த வார்த்தையை நான் எத்தனை தெம்பாகச் சொன்னேன் என்பது இன்னும் காதில் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே மழை. காலைச் சாப்பாட்டுக்குக் கனமான கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். நம் ஊர் சட்னிக்கு அக்கா முறை என்று சொல்லலாம், காரத்தில் மட்டும் அம்மா. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு, பதினெட்டு அடி நடந்து, ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மூன்று நாற்காலிகள் காலி. அதில் ஒன்று செல்வமலருடையது. பத்மாவும் இல்லை.

ஒன்பதைத் தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். பதினோரு தலைகளும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பின. திரும்பிய வேகத்தில் நோட்டுக்குக் குனிந்துகொண்டன. பாடத்தில் கவனம் இல்லை என்று நினைத்து மேசையைத் தட்டினேன். அப்புறம் ஆர்வத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடியும் என்று நினைப்பவருக்கு மழை ஒரு தடையே அல்ல என்றேன். என் வாழ்நாளில் பேசிய மிக நல்ல பேச்சுகளில் அதுவும் ஒன்று. ஒருத்தி அழக்கூடச் செய்தாள். என் பேச்சின் வலிமை என்று எண்ணிக்கொண்டேன்.

மாலையில் மோகன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். "என்ன செய்யலாம் டீச்சர்? நீங்க ஒரு வார்த்த சொன்னா செல்வமலர் இன்னிக்கு வந்ததாப் போட்டுடுறேன். யாரும் கேக்கப்போறதில்ல." எனக்கு முறைகேடு பிடிக்காது. அதை எல்லாருக்கும் தெரியப்படுத்துவது இன்னும் பிடிக்கும். "வராதவங்களுக்கு வந்ததா எழுதினா, மழையில நனைஞ்சு வந்தாங்களே பதினோரு பேர், அவங்களுக்கு என்ன மரியாதை?" என்றேன். மோகன் அந்தப் பெயரை அடித்தார். பட்டியல் போனது.

புதன்கிழமை பத்மாவும் இன்னொருத்தியும் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். சீருடை முழங்கால் வரை சேறு. செல்வமலர் வரவில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு பத்மாவிடம் கேட்டேன்.

"நேத்து ஏன் வரல?"

பத்மா தரையைப் பார்த்தாள். "வந்தோமே டீச்சர்."

"எப்போ?"

"ஒம்பது தாண்டிருச்சு. கினிகத்தேன ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு, பஸ் போகல. மூணு பேரும் எறங்கி நடந்தே வந்தோம். கதவு சாத்தியிருந்துச்சு. செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டோம்."

வகுப்பைப் பார்த்தேன். பதினோரு முகங்களிலும் வியப்பு ஏதும் இல்லை. அவர்கள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் மழையில் நின்றதையும் திரும்பிப்போனதையும் பார்த்துவிட்டுத்தான் ஒரு மணி நேரம் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

"ஏம்மா, யாராவது ஒருத்தர் என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். செவ்வாய்க்கிழமை அழுதவள் அவள்தான். "நீங்கதானே டீச்சர் சாத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வகுப்பை மதியத்தோடு முடித்துக்கொண்டு பத்மாவுடன் அவர்கள் தோட்டத்துக்குப் புறப்பட்டேன். அரை மணிக்கு ஒரு பஸ் என்று பலகையில் எழுதியிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். கீழே பொல்பிட்டிய மின்நிலையத்தின் பக்கமிருந்து மின்கம்பிகள் மலை மலையாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸில் பத்மாவிடம், முன்பே நின்றுபோன பன்னிரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன்.

"கொஞ்சப் பேரு கல்யாணம், வீட்டுப் பிரச்சினன்னு நின்னாங்க டீச்சர். மத்தவங்க எல்லாம் இப்படித்தான். மோகன் சேரு கதவெல்லாம் சாத்தமாட்டாரு. ஆனா பாடம் தொடங்கியிருச்சுன்னு தெரிஞ்சா நாங்களே உள்ள போகமாட்டோம். பெரட்டுக்குப் பிந்திப் போனா திரும்பித்தானே வரணும்? அந்தப் பழக்கந்தான்."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் இடம். அங்கே நின்றால்தான் அன்றைக்கு வேலை. மேற்பார்வையிடும் கண்டாக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பிய பிறகு வருகிறவர் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டும். இவர்கள் தோட்டத்தில் கெஞ்சினால் நாளைக்கும் வேலை கிடையாது. பரிந்து பேசினால் பேசுகிறவருக்கும் சேர்த்து அதே கதி. பிறந்தது முதல் பார்த்துப் பழகியது. எல்லாரும் பார்க்கத் திரும்பி நடந்துதான் பழக்கம், தட்டிப் பழக்கமில்லை. நான் போய் ஆங்கிலேயன் காலத்துப் பெரட்டு ஒன்றைக் கதவும் தாழ்ப்பாளும் போட்டு வகுப்பறைக்குள்ளேயே நடத்திவிட்டேன். ஊக்கம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

செல்வமலர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் விரிப்பு, இடுப்பில் அதே படங்கு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. "நின்னு பேசுனா ஏசுவாங்க டீச்சர். நடந்துகிட்டே பேசலாங்களா?" என்றாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டே அவள் பின்னால் போனேன். காலில் அட்டை ஏறியது. அதை அவளே குனிந்து விரலால் சுண்டி எறிந்தாள்.

"ஏம்மா தட்டல? ஒரு தட்டுத் தட்டியிருந்தா..."

"எப்படிங்க டீச்சர்? மொத நாளே சொல்லிட்டீங்களே, சாத்தியிருக்கும்னு. சொன்னபடி சாத்தியிருந்துச்சு." அவள் என்னைத் தேற்றுகிற மாதிரி பேசினாள். "எனக்கு இருந்தது அந்த ஒரு நாளுதான். அது போயிருச்சுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கு வரல. சும்மா வந்து ஒரு நாற்காலிய அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

நான் செய்ததைச் சொன்னேன். மோகன் வந்ததாகப் போடுகிறேன் என்றதையும், நான் தடுத்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு கிள்ளு, இன்னொரு கிள்ளு. "வராதவங்களுக்கு வந்ததாப் போட்டா தப்புத்தானுங்களே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, எப்படியாவது பேசி முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுபடியும் ஒரு வாக்கு.

வியாழக்கிழமை முழுக்கத் தொலைபேசி. சிக்னலுக்காக மோகன் ரோட்டோர மதிற்சுவரில் ஏறி நின்று கொழும்போடு சிங்களத்தில் பேசினார். நான் கீழே நின்று குடை பிடித்தேன். பேசிவிட்டு இறங்கி எனக்குச் சொன்னார்: பட்டியல் பதிவாகிவிட்டதாம், ஒன்றும் செய்ய முடியாதாம், வேண்டுமானால் சனிக்கிழமை வருகிற பரீட்சகரைக் கேட்டுப் பாருங்கள் என்கிறார்களாம். "அது சும்மா சொல்றது டீச்சர்" என்றார் மோகன். நான் அந்த வேண்டுமானாலைப் பிடித்துக்கொண்டேன். பத்மாவிடம், செல்வமலரைச் சனிக்கிழமை வரச்சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி நடக்கையில் மோகன், "நானும் மலையகந்தான் டீச்சர். ஆனா கடைக்காரன் மகன். ஒருநாளும் பெரட்டுல நின்னதில்ல. இத்தன நாளா இடாப்புல ஆப்சன்ட் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைத்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை அடைகொடுத்தேன். பிந்தி வந்தாலும் நேரே உள்ளே வாங்க என்று பத்துத் தரம் சொன்னேன். பனி தாராளமாக உள்ளே வந்தது. எல்லாரும் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது இருபதுக்கு ஒருத்தி வந்தாள். திறந்த கதவுக்கு முன்னால் மழைச் சொட்டோடு நின்றாள். மூன்று தரம் கூப்பிட்டேன். கடைசியில் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அன்று முழுவதும் அவள் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் மாறுகிற பழக்கமா அது?

சனிக்கிழமை செல்வமலர் ஏழு மணிக்கே வந்து நிலையத்தின் வாசலில் நின்றாள். இருட்டோடு புறப்பட்டு நடந்தே வந்திருக்கிறாள். வெளிர்நீலச் சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் இரண்டு பேனா. நோட்டின் அட்டையில் நான் கொடுத்த ஸ்டிக்கர் சிரித்துக்கொண்டிருந்தது. "நேரத்தோட வந்துட்டேங்க டீச்சர்" என்றாள்.

பரீட்சகர் ஒன்பதுக்கு வரவேண்டும். ஒன்பது நாற்பதுக்குத்தான் வேன் வந்தது. வழியில் மண்சரிவாம். அதுவரை எல்லாரும் காத்திருந்தோம். அவருக்காக மோகன் இரண்டு தரம் டீயைச் சூடாக்கினார். இறங்கியது ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி, மரியாதையான மனுஷி, பிந்தியதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். மோகனை மொழிபெயர்க்கச் சொல்லி நான் அத்தனையும் சொன்னேன். தவறு அவளுடையது அல்ல, என்னுடையது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பட்டியலை இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு செல்வமலரைப் பார்த்து ஏதோ சொன்னார். "உன்னைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது மகளே, ஆனால் உன் பெயருக்கு வினாத்தாள் வரவில்லை, நான் என்ன செய்ய" என்று அர்த்தமாம். செல்வமலர் சிங்களத்திலேயே பரவாயில்லை என்று பதில் சொன்னாள்.

பதின்மூன்று பேரும் உள்ளே போனார்கள். பத்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். காற்றில் சாரல் அடித்துக் காகிதமெல்லாம் நனைகிறது என்று பரீட்சகர் செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நானும் செல்வமலரும் வெளியே கூரைத் தகரத்தின் கீழ் நின்றோம். அவள் போயிருக்கலாம். பத்மாவுக்காகவோ எனக்காகவோ நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னொரு தடவை தட்டிக் கேட்டுப் பார்க்கறேன்" என்று கையைத் தூக்கிவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கரடுமுரடான கை, பிடி மட்டும் மெதுவாக இருந்தது.

"வேணாங்க டீச்சர். உள்ள எழுதுறவங்க பயந்துருவாங்க."

மழை கொஞ்சம் விட்டது. அவள் நோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சுற்றினாள். பேனாக்களையும் வைத்தாள். பிறகு, ஊர்ப் பேச்சுப் பேசுகிறவள் மாதிரி கேட்டாள்.

"ஒங்க ஊர்லயும் இப்படித்தான் சாத்துவீங்களா டீச்சர்?"

"சாத்துவேன்."

"அப்ப பிந்தி வர்றவங்க?"

"தட்டுவாங்க. நான் கொஞ்சம் திட்டுவேன். அப்புறம் தொறந்து விட்டுடுவேன்."

செல்வமலர் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

"அதையும் மொத நாளே சொல்லியிருக்கலாமே, டீச்சர்."